பத்து விதை, ஒரு பெயர்: ரஷ்யத் தக்காளி கைமாறும் விதம்

தக்காளி விதையைக் கையில் வாங்கிப் பார்த்து, இன்ன ரகம் என்று சொல்லிவிட யாராலும் முடியாது. அவரை என்றால் நிறமும் கோடும் காட்டிக்கொடுக்கும். மக்காச்சோளம் என்றால் மணியே சாட்சி. தக்காளியில் எல்லாம் ஒன்றுபோல வெளிறிய மஞ்சள், மெல்லிய மயிர் போர்த்திய சின்னத் தட்டு. அரைக் கிலோ எடையில் இதய வடிவத்தில் காய்ப்பதும், கொத்துக் கொத்தாகக் கோலிக்குண்டு அளவில் காய்ப்பதும், விதையாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரே சாயல்தான்.

ஆகவே இரண்டு தோட்டக்காரர்கள் காகித உறைக்குள் பத்துப் பத்து விதையைப் போட்டு மாற்றிக்கொள்ளும்போது, உண்மையில் கைமாறுவது உறைமேல் எழுதியிருக்கும் பெயர். அது மெய்யா பொய்யா என்று தெரிய மார்ச்சில் விதைத்து ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். ரஷ்யாவில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களில் ஒரு கூட்டம் இந்தக் காத்திருப்பையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறது. தபால்தலை சேர்ப்பது போலத் தக்காளி ரகம் சேர்க்கிறார்கள். ஒரே வித்தியாசம், தபால்தலையை ஆல்பத்தில் ஒட்டிவிட்டு மறந்துவிடலாம். தக்காளியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மண்ணில் போட்டு உயிர்ப்பித்தே தீரவேண்டும்.

யோசித்தால் விசித்திரமான இடம்தான். ஆண்டிஸ் மலைப்பக்கத்துச் செடிக்கு ரஷ்யா ஏற்ற ஊரே இல்லை. மாஸ்கோ வட்டாரத்தில் ஜூன் முதல் வாரம்வரை இரவுப் பனி செடியைக் கருக்கிவிடலாம். ஆகஸ்ட் முடிவதற்குள் குளிர் திரும்பி வாசலில் நிற்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூலா மாகாணத்து வேளாண் அறிஞர் அந்திரேய் பொலோதவ் இதைக் ‘காதல் ஆப்பிள்’ என்ற பெயரில் அறிமுகப்படுத்தி எழுதியபோது, பெரும்பாலும் வீட்டுக்குள் தொட்டியில் வளரும் செடியாகத்தான் அது இருந்தது. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை என்றே சொல்வேன். ரஷ்யத் தக்காளியின் வாழ்க்கையில் முதல் இரண்டு மூன்று மாதங்கள் ஜன்னல் விளிம்பில்தான் கழிகின்றன.

மார்ச் 8 பெண்கள் தினத்தை ஒட்டி விதைப்பது பரவலான வழக்கம். விதையைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் இருபது நிமிடம் ஊறவைத்துக் கழுவி, காலியான தயிர் டப்பாவிலோ, குறுக்கே வெட்டிய பால் பெட்டியிலோ ஊன்றுகிறார்கள். நாள் பார்க்கச் சந்திர நாட்காட்டியும் உண்டு. அமாவாசையும் பௌர்ணமியும் விதைப்புக்கு ஆகாது என்று அது சொல்கிறது. நம் ஊர்ப் பாட்டிகளோடு அவர்களை உட்காரவைத்தால் மொழி தெரியாமலே ஒத்துப்போவார்கள். மே மாதத் தொடக்கத்தின் விடுமுறைகளில் நாற்றுப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு புறநகர் ரயிலில் போவது அங்கே பழகிப்போன காட்சி.

ரயில் போவது ‘தாச்சா’வுக்கு. ஊருக்கு வெளியே ஒரு சிறு நிலம், அதில் ஒரு மரவீடு. 1949 பிப்ரவரியில் சோவியத் அரசு தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் தோட்டம் போட நிலம் ஒதுக்க ஆணையிட்டது. நகர எல்லைக்குள் 600 சதுர மீட்டர் என்பது அதில் சொன்ன உச்சவரம்பு. பிறகு ‘ஆறு சோத்கா’ என்பது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஒரு சோத்கா 100 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சோத்கா 15 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் வீடு, உருளைக்கிழங்கு, ஆப்பிள் மரம், திராட்சை மாதிரியான சிறுபழப் புதர்கள், அப்புறம் தக்காளிக்கு ஒரு பசுமைக்குடில்.

இந்தக் குறுகிய கோடைதான் ரகங்களைப் பெருக்கியது. அரசின் ஆய்வு நிலையங்கள் குளிர் தாங்கி விரைவில் காய்க்கும் ரகங்களை உருவாக்கின. மாஸ்கோ அருகே 1920இல் தொடங்கிய கிரிபோவோ நிலையமும், சைபீரியாவில் பர்னவூல் நிலையமும் அவற்றில் பேர்போனவை. 1959இல் பதிவான ‘சிபீர்ஸ்கி ஸ்கொரஸ்பேலி’, அதாவது ‘சைபீரிய விரைவு ரகம்’, இன்றும் பொட்டலத்தில் கிடைக்கிறது. ஆனால் அரசு நிலையங்களுக்கு வேண்டியிருந்தது கூட்டுப்பண்ணைக்கும் பதனிடும் ஆலைக்கும் பொருத்தமான பழம்: ஒரே அளவு, கெட்டித் தோல், லாரியில் நசுங்காத உடம்பு. தாச்சாக்காரர்களுக்கு வேண்டியதோ வெட்டினால் சதை மினுங்கும் பெரிய இளஞ்சிவப்புப் பழம். அதைக் கடை தரவில்லை. பக்கத்துத் தோட்டம் தந்தது.

ஒரு நல்ல பழத்தைச் சாப்பிடாமல் விதைக்கு ஒதுக்குவது சின்னத் தியாகம் இல்லை, குறிப்பாக ஆகஸ்டில். குளிர்ந்த பனி இலையில் தங்கத் தொடங்கியதும் கருகல் நோய் வந்துவிடும். மூன்று நாளில் தோட்டமே பழுப்பாகிவிடலாம். அதற்கு முன்பாகக் காய்களைப் பச்சையாகவே பறித்துக் கொண்டுபோய், கட்டிலடியில் பெட்டிகளிலும், கம்பளி மயிரை அடித்துச் செய்யும் ‘வாலென்கி’ பூட்ஸுக்குள்ளும் போட்டுப் பழுக்கவைப்பார்கள். இருட்டும் இளஞ்சூடும் போதும். விதைக்கென்று ஒதுக்கிய பழம் மட்டும் கொடியிலேயே முடிந்தமட்டும் நிற்க வேண்டும்.

விதை எடுப்பது நாற்றம் பிடித்த வேலை. பழத்தைக் குறுக்கே வெட்டி, கொழகொழப்போடு விதையை ஒரு கண்ணாடி டம்ளரில் பிழிந்துவிட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே விட வேண்டும். மேலே வெள்ளைப் பூஞ்சணம் படியும், புளித்த வாடை அடிக்கும். முளைப்பைத் தடுக்கும் கொழகொழ உறை கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். வடிகட்டிக் கழுவித் தட்டில் பரப்பிக் காயவைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான தப்பு நடக்கிறது. சமையலறை மேடையில் இருபது டம்ளர் வரிசையாக நிற்கும்போது, எந்த டம்ளருக்கு எந்தச் சீட்டு என்பதில் ஒரு கணம் தடுமாறினால் போதும். இரண்டு ரகங்கள் பெயரை மாற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை அவ்வளவு அழகு. ‘காளை இதயம்’, ‘இளஞ்சிவப்புத் தேன்’, ‘நூறு பூடு’ (ஒரு பூடு என்பது 16 கிலோ சொச்சம்), ‘பாட்டியின் ரகசியம்’. ‘சீமாட்டி விரல்’ என்று ஒரு நீளத் தக்காளி இருக்கிறது. நாம் வெண்டைக்காய்க்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயரை அவர்கள் தக்காளிக்கு வைத்திருக்கிறார்கள். தென் சைபீரியாவின் மினுசின்ஸ்க் ஊரில் உயர்ந்து நீண்ட ஒரு வகைக்கு ‘மினுசின்ஸ்க் டம்ளர்’ என்று பெயர். மலைகளுக்கு நடுவே வெயில் தங்கும் பள்ளத்தாக்கு அது. 2004 முதல் ஆகஸ்டில் தக்காளித் திருவிழாவே நடத்துகிறார்கள், யாருடைய பழம் பெரிது என்று தராசு வைத்துப் பார்க்கிறார்கள்.

சரி, இவை வெளியுலகுக்கு எப்படிப் போயின? அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ என்ற அமைப்பு, யாரிடம் என்ன விதை இருக்கிறது என்று ஆண்டுதோறும் ஒரு பெரிய பட்டியல் அச்சிட்டுவந்தது. அதில் 1990இல் ஸ்வீடன் நாட்டு உறுப்பினர் ஒருவர் கிரிமியாவில் கிடைத்த கருந்தக்காளி ஒன்றை அறிமுகப்படுத்தினார். இன்று உலகெங்கும் வீட்டுத் தோட்டங்களில் இருக்கும் ‘பிளாக் கிரிம்’ அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு, ஐடஹோ மாநிலத்து விதைக்காரர் பில் மெக்டோர்மன் சைபீரியா போய் அறுபது ரகங்களோடு திரும்பினார். அவற்றில் ஒன்றுக்கு ‘சாஷாஸ் அல்தாய்’ என்று பெயர். இர்குத்ஸ்க்கில் சந்தித்த சாஷா என்பவர் அந்த விதைக்காக இரவோடு இரவாக வெகுதூரம் நடந்து வீட்டுக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தார் என்பது மெக்டோர்மன் சொல்லும் கதை.

எனக்குப் பிடித்த கதை ‘பால் ராப்சன்’ தக்காளியுடையது. ராப்சன் கறுப்பின அமெரிக்கப் பாடகர், நடிகர். 1934இல் முதன்முதலாக சோவியத் மண்ணில் கால்வைத்தவர். அங்கே அவர் கொண்டாடப்பட்டார். சொந்த நாடோ 1950இல் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்து எட்டு ஆண்டுகள் வெளியே போகவிடவில்லை. அவர் பெயரை ஒரு கருஞ்சிவப்புத் தக்காளிக்கு ரஷ்யாவில் யாரோ வைத்தார்கள். சோவியத் யூனியன் உடைந்த காலத்தில், மாஸ்கோவில் விதைத் தொழில் நடத்திவந்த மரீனா தனிலென்கோ மூலமாக அது அமெரிக்கப் பட்டியலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1976இல் இறந்துபோன ராப்சன், காய்கறித் தோட்டம் வழியாக ஊர் திரும்பினார்.

‘காஸ்மனாட் வோல்கவ்’ இன்னொன்று. 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது காற்றழுத்தம் போய் மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் விளாதிஸ்லாவ் வோல்கவ். விண்வெளித் துறையில் இருந்த ஒரு பொறியாளர் தன் நண்பரின் நினைவாக இந்த ரகத்துக்குப் பெயரிட்டார் என்று விதைப் பட்டியல்கள் சொல்கின்றன. பழத்தைச் சாப்பிட்டுப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. கதை விதையோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது, சில நேரம் விதையைவிட வேகமாக.

வேகமாகப் போகும் கதையை அப்படியே நம்பவும் கூடாது. கருந்தக்காளி என்றாலே கிரிமியப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் ஒன்றும் இல்லை. செடியின் உடம்பில் எழுதியிருக்கும் கதை வேறு. சாதாரணத் தக்காளி பழுக்கும்போது பச்சையம் சிதைந்து போய்விடும், சிவப்பு மட்டும் மிஞ்சும். ஒரு குறிப்பிட்ட மரபணு கெட்டுப்போன செடியில் பச்சையம் போகாமல் தங்கிவிடும். சிவப்பும் பச்சையும் கலந்தால் வரும் பழுப்பைத்தான் நாம் ‘கறுப்பு’ என்கிறோம். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பாரம்பரிய ரகங்களை அலசி, இதே மரபணுவில் புதிதாக நான்கு வெவ்வேறு மாற்றங்களைக் கண்டது. அப்படியானால் கருந்தக்காளி ஒரே ஒரு கிரிமியத் தாயின் பிள்ளை இல்லை. அந்த விபத்து பல இடங்களில் தனித்தனியாக நடந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் “அழுகலோ?” என்று தூக்கி எறியாமல் விதை எடுத்திருக்கிறார்.

பெயர் ஏமாற்றுவதற்கு நல்ல உதாரணம் ‘ஜப்பானியக் கறுப்பு டிரஃபில்’. பேரிக்காய் உருவம், தோளில் பச்சை, கீழே பழுப்பு. ஜப்பானுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, வந்தது ரஷ்யப் பக்கத்திலிருந்து. மறுபக்கம் ‘மிக்காடோ’வை ரஷ்யப் பாட்டிகள் ஜார் காலத்துச் சொத்தாக நினைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அமெரிக்க விதைக்கடைகள் விற்ற ரகம் அது.

இப்போது சேகரிப்பாளர்களின் பெரிய தலைவலிக்கு வருவோம். ரஷ்யத் தோட்டக்காரர்கள் அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘பெரெசோர்த்’. உறையில் ஒரு பெயர், செடியில் வேறு பழம். பத்து விதையில் ஒன்று மட்டும் மாறினாலும் பெரெசோர்த்தான். கோபத்தோடு சொல்லப்படும் சொல். ஆறு மாத உழைப்பும் ஜன்னலில் ஒரு இடமும் வீணாயிற்றே.

இது ஏன் நடக்கிறது? சீட்டு மாறுவது ஒரு காரணம். தேனீ இன்னொரு காரணம். தக்காளிப் பூ தன்மகரந்தம். சூல்முடி, மகரந்தப் பைகள் ஒட்டிச் சேர்ந்த குழாய்க்குள் ஒளிந்திருப்பதால் வெளி மகரந்தம் நுழைவது அரிது. அதனால்தான் இந்தப் பயிரை அமெச்சூர்கள் சேகரிக்க முடிகிறது. பூசணியில் இதே விளையாட்டை ஆடினால் இரண்டே வருடத்தில் எல்லாம் கலந்த சாம்பார்தான். ஆனால் தக்காளியிலும் சில ரகங்களில் சூல்முடி குழாயைத் தாண்டி வெளியே எட்டிப்பார்க்கும். பெரிய பழம் தரும் இரட்டைப் பூக்களில் இது அதிகம். அக்கறையுள்ளவர்கள் பூங்கொத்துக்கு மெல்லிய வலைப்பை கட்டிவிடுகிறார்கள். காய் பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைக்கிறார்கள்.

ஒரு நுணுக்கமும் இருக்கிறது. மிக்காடோ, ஜப்பானிய டிரஃபில் போன்றவற்றின் இலை, தக்காளி இலை மாதிரி பல்பல்லாக வெட்டுப்பட்டு இருக்காது. உருளைக்கிழங்கு இலைபோல ஓரம் வழுவழுவென்றிருக்கும். அது ஒடுங்கு பண்பு. இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே மிக்காடோ விதையிலிருந்து பல்வெட்டு இலையோடு ஒரு நாற்று தலைகாட்டினால், விதை மாறியிருக்கிறது, இல்லையென்றால் தேனீ எங்கிருந்தோ மகரந்தம் கொண்டுவந்திருக்கிறது. ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். ஏப்ரலில் ஜன்னலோரத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். சாதாரண இலை ரகங்களுக்கு இந்த வசதி இல்லை.

மூன்றாவது காரணம் வெறும் கணக்கு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒருவரிடம் 500 ரகம் இருக்கிறது என்று வையுங்கள். வீட்டு அலமாரியில் வைத்த தக்காளி விதை நம்பகமாக முளைப்பது ஐந்து வருடம் என்று கொண்டால், வருடத்துக்கு 100 ரகம் நட்டாக வேண்டும். ரகத்துக்கு இரண்டு செடி, மொத்தம் 200 செடி. அங்கே சந்தையில் சர்வசாதாரணமாக விற்கும் பசுமைக்குடில் 3 மீட்டருக்கு 6 மீட்டர். சதுர மீட்டருக்கு மூன்று செடி என்று நெருக்கி வைத்தாலும், நடைபாதை போக, அதில் 40 செடி நிற்கும். ஆகவே சேகரிப்பு பெருகப் பெருக, ஒவ்வொரு ரகமும் ஒன்றிரண்டு செடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே செடியை வைத்துக்கொண்டு ‘இது சரியான ரகமா’ என்று எதோடு ஒப்பிடுவது? தப்பான செடி தனியாக நின்றால், தானே உண்மையான ரகம் என்று சொல்லிக்கொள்ளும். அதன் விதையும் அதே பெயரில் அடுத்த உறைக்குள் போகும்.

பரிமாற்றம் இங்கேதான் வெறும் நட்பைத் தாண்டி வேலை செய்கிறது. என் செடி கருகலில் போனால், போன வருடம் நான் கொடுத்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நான்கு ஊர்களில் நான்கு பேர் வளர்த்தால், யாருடையது வழிதவறியது என்று ஒப்பிட்டும் பார்க்கலாம். அதனால் அனுபவசாலிகள் விதை வாங்கும்போது பெயரோடு, யாரிடமிருந்து வந்தது, எந்த வருடம் என்பதையும் உறையில் எழுதிக்கொள்கிறார்கள். ஒரே பெயருள்ள ‘காளை இதயம்’ ஏழெட்டு இருந்தால் இந்தக் குறிப்பு இல்லாமல் பிழைக்க முடியாது. தபாலில் அனுப்பும்போது விதையைக் காற்றுக்குமிழ்த் தாளில் சுற்றுவதும் அனுபவம் சொல்லித்தந்ததே. இல்லாவிட்டால் அஞ்சலகத்தின் தரம்பிரிக்கும் இயந்திரம் பத்து விதையையும் மாவாக்கி அனுப்பும்.

பெரெசோர்த்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பக்கக் கிளைகளை ரஷ்யத் தோட்டக்காரர்கள் ‘பாசின்கி’ என்பார்கள், மாற்றாள் பிள்ளைகள் என்று பொருள். அவற்றைக் கிள்ளி எறிவதுதான் வழக்கம், ஆனால் அதையே மண்ணில் ஊன்றினால் முழுச்செடி ஆகிவிடும். தற்செயலாக வந்த பெரெசோர்த்தும் அதேபோலத்தான். சுவை நன்றாக இருந்தால் கிள்ளி எறிய மனம் வராது. ஏழெட்டுத் தலைமுறை தேர்ந்து விதை எடுத்து நிலைப்படுத்தினால், அதற்கும் ஒரு பெயர் கிடைக்கும். பட்டியல் ஒன்று நீளும்.

சட்டத்தின் பார்வையில் இதெல்லாம் ஓரத்தில் நடக்கும் காரியம். ரஷ்யாவில் 1997இல் ஒரு விதைச் சட்டமும், 2023 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டமும் அமலுக்கு வந்தன. விற்பனைக்கு வரும் விதை, பொதுவாக அரசுப் பதிவேட்டில் உள்ள ரகமாக இருக்க வேண்டும். ‘மினுசின்ஸ்க் டம்ளர்’ மாதிரி வீட்டுக்கு வீடு வேறுபடும் ஒன்றை, சீரான ஒரே ரகம் என்று நிரூபித்துப் பதிவது எளிதல்ல. பரிமாற்றம் நட்புக்குள் நடக்கும்வரை பேச்சில்லை. விலை வைத்து விற்கும்போதுதான் கேள்வி வருகிறது.

எல்லை தாண்டுவது இன்னும் கடினமாகிவிட்டது. தக்காளிப் பழத்தைச் சுருக்கிப் பழுப்புத் திட்டு விழவைக்கும் ஒரு வைரஸ் 2014, 2015இல் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் தென்பட்டு விதை வழியாகவும் பரவியது. 2019 நவம்பரில் அமெரிக்கா தக்காளி விதை இறக்குமதியைக் கடுமையாக்கியது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டு விதை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கத் தொடங்கியது. பத்து விதைக்குச் சான்றிதழ் வாங்கும் செலவில் ஒரு பசுமைக்குடிலுக்குப் புதுக் கூரையே போடலாம். 2022 மார்ச்சில் பேபால் ரஷ்யாவை விட்டுப் போனது, விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளும் எல்லைக்கு வெளியே வேலை செய்யாமல் போயின. பணம் போகும் பாதையும் அடைந்தது.

அதற்கு முன்பே போகவேண்டியது போய், வரவேண்டியது வந்துவிட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு குடும்பம், ரஷ்யாவிலிருந்து குடியேறிய நண்பர் தந்த இளஞ்சிவப்பு இதயத் தக்காளியை வளர்த்துவந்தது. ‘அன்னா ரஷ்யன்’ என்று அது பேர்பெற்றது. அப்புறம் யாரோ அதை ஒரு உறையில் போட்டு ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். இப்போது அங்கே சேகரிப்பாளர்களின் பட்டியலில் ‘அன்னா ரூஸ்கயா’ இருக்கிறது. ‘எந்த நாடு’ என்ற இடத்தில் எழுதியிருப்பது: அமெரிக்கா.